கசின் என்றால் யார்? ‘கிராஸ்-கல்ச்சுரல்’ என்ற சொல் பற்றி

(பாளையங்கோட்டையில் ஆய்வு மாணவர்களுக்கு ஆற்றிய உரையிலிருந்து)

அன்பார்ந்த மாணவர்களே, வணக்கம்.

‘கிராஸ்-கல்ச்சுரல்’ என்பதைச் சிலர் ‘குறுக்குப் பண்பாட்டு’ என்று எழுதுகிறார்கள். நம்ம தாமிரபரணிக் கரையில் குறுக்கு என்றால் முதலில் இடுப்புதான். ‘குறுக்கு வலிக்கு’ என்றுதானே சொல்கிறோம். அந்தச் சொல்லாக்கம் வேண்டாம்.

ஒரே தெருவில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் இருந்தால் அது பன்முகப் பண்பாடு. பொட்டல்புதூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கு இந்துக்களும் நேர்ச்சையோடு போகிறார்களே, அது பண்பாடுகளுக்கு இடையிலான உறவு. ஆய்வாளர்கள் ‘கிராஸ்-கல்ச்சுரல்’ என்று கறாராகச் சொல்லும்போது, ஒரே கேள்வியைப் பல சமூகங்களிடம் வைத்து விடைகளை ஒப்பிடுவதைச் சொல்கிறார்கள். ‘பண்பாட்டு ஒப்பாய்வு’ என்றால் விளங்கும். 1937-ல் யேல் பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் தொடங்கிய வேலை இதுதான். 1969-ல் அவரும் டக்ளஸ் வைட்டும் 186 சமூகங்களை மாதிரியாகத் தேர்ந்து வெளியிட்டார்கள். அக்கம்பக்கத்துச் சமூகங்கள் பழக்கவழக்கங்களை ஒன்றிடம் ஒன்று வாங்கியிருக்கும்; அவற்றைத் தனித்தனியாக எண்ணினால் கணக்கு பிசகும். அதனால் தள்ளித் தள்ளி எடுத்தார்கள்.

பிசகு பெரும்பாலும் கேள்வித்தாளில்தான் தொடங்கும். ‘மாதத்தில் எத்தனை கசின்களைச் சந்திக்கிறீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்பா, அம்மா இருவரின் உடன்பிறந்தார் பிள்ளைகள் எல்லாருமே ஆங்கிலத்தில் கசின்தான். நீங்கள் ‘ஒன்றுவிட்ட சகோதரர்’ என்று பெயர்க்கிறீர்கள். சித்தப்பா மகன் நமக்கு அண்ணன் அல்லது தம்பி. அவன் கணக்கில் வருவான். அத்தை மகன் அத்தான், கட்டிக்கொள்ளும் முறை. அவனை எந்தப் பெண் சகோதரன் என்று எண்ணிச் சொல்வாள்? அத்தை மக்களும் மாமன் மக்களும் மொத்தமாக விடுபடுவார்கள். தொகை குறையும். அந்தக் குறைவைப் பார்த்து, தமிழர் சொந்தபந்தத்தோடு ஒட்டுவதில்லை என்று எழுதிவிடுவார்கள்!

இதற்கு வழக்கமான பரிகாரம், மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் தமிழைக் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அவசியம் செய்யுங்கள். ஆனால் இந்தப் பிழை அதில் சிக்காது. ‘ஒன்றுவிட்ட சகோதரர்’ அழகாகக் ‘கசின்’ என்றே திரும்பி வந்துவிடும். ஆகவே களத்துக்கு எடுத்துப் போகுமுன் எட்டுப் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொன்னதும், “இதுல யார் யாரை நினைச்சுச் சொன்னீங்க, ஆச்சி?” என்று விசாரியுங்கள். விடுபட்டவர்கள் அங்கே தெரிவார்கள். பிறகு கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்: சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா பிள்ளைகள் எத்தனை பேர், மாமா, அத்தை பிள்ளைகள் எத்தனை பேர். பிற நாட்டோடு ஒப்பிடும்போது இரண்டையும் கூட்டிய தொகையை வையுங்கள்.