அழாத பிள்ளைகள்

அவைத் தலைவர் அவர்களே, பாலம் கடந்து பிறையிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் வந்திருக்கும் தலைமையாசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, மழையையும் பாராமல் இம்மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பெண் பிள்ளைகளிடம் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு எப்படித் தென்படும், பள்ளி என்ன செய்ய வேண்டும் என்னும் இரண்டையும் பேச வந்திருக்கிறேன்.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பார்கள் நம் பெரியோர். வகுப்பில் ஓடியாடும் பையனை ஆசிரியர் முதல் வாரத்திலேயே கண்டுகொள்கிறார். சன்னலோரம் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் சிறுமியோ ஆறாம் ஆண்டு முடியும் வரை யார் கண்ணிலும் படுவதில்லை. 1902இல் லண்டனில் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியபோது, அவர் விவரித்த 20 பேரில் பெண்கள் 5 பேர்தான்.

என் தங்கை மகள் நான்காம் ஆண்டில் படித்தபோது, வீட்டுப்பாடத்தை இரவு வெகுநேரம் அழுதழுது முடிப்பாள். காலையில் அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் பள்ளிப் பேருந்தில் ஏறிவிடுவாள். கணக்குப் புத்தகத்தில் முதல் மூன்று கணக்குகள் முத்து முத்தாக இருக்கும். நான்காவது பாதியில் நிற்க, ஓரமெல்லாம் கோலப் புள்ளிகள். "நல்ல பிள்ளை, சற்றுக் கனவு காண்கிறாள்" என்று மதிப்பெண் அட்டையில் எழுதினார்கள். "பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு மறதி ஆகுமா?" என்று பாட்டி திட்டினார். இடைநிலைப் பள்ளியில் தினமும் வயிற்றுவலி என்றாள். பதற்றத்துக்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு ஒரு மனநல மருத்துவர்தான் பழைய நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவள் அழுதாள் ஐயா, ஆனால் வீட்டில், இரவில் அழுதாள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்றால், பள்ளியில் அழாத பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது?

அறிகுறிகள் 7 வயதுக்குள் தோன்றியிருக்க வேண்டும் என்ற வரையறையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் 12 வயதாகத் தளர்த்தியது. நம் தமிழ்ப்பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதி அந்த எல்லைக்குள் அடங்குகிறது. மேலும், வீடு, பள்ளி போன்ற இரண்டு இடங்களிலாவது அவை தென்பட வேண்டும் என்பதால், தாயின் சொல்லோடு ஆசிரியரின் எழுத்தும் மருத்துவருக்குத் தேவைப்படுகிறது. ஆகவேதான், அமைதியான ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் வகுப்பாசிரியர் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும் என்று பள்ளி பள்ளியாகக் கேட்டுவருகிறேன். பாதியில் நிற்கும் பயிற்சிகள், தொலையும் பொருள்கள், இரண்டாம் முறை சொன்னால்தான் காதில் விழும் கட்டளை ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதினாலே போதும். வரும் ஆண்டுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழியுங்கள். படிவத்தை அச்சிடும் செலவை எங்கள் குழு ஏற்கும். நன்றி, வணக்கம்.