கடவு விட்ட வேலி

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஒன்றியப் பெருந்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, சந்தை நாளின் வேலை நெருக்கடியிலும் வந்து அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத்து நண்பர்களே, அடுத்துப் பேசவிருக்கும் புலவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

காங்கயம் வட்டாரத்தில் நான்கு தலைமுறையாக வேலி போட்டே வாழ்ந்த குடும்பம் இன்று புதுப் பட்டறை திறக்கிறது. நான் மூன்று செய்திகள் பேச வந்தேன்: இந்தக் குடும்பம் வளர்ந்த விதம், கம்பி வந்த கதை, கிளுவை என்னும் உயிர்வேலியை நாம் மீண்டும் நட வேண்டிய தேவை. ‘வேலியே பயிரை மேய்ந்தால் காப்பது யார்?’ என்பார்கள் நம் பெரியவர்கள். மூன்றுக்கும் அந்தப் பழமொழிதான் அளவுகோல்.

பூட்டனார் காலத்தில் இங்கே கம்பியே கிடையாது. அவர் கையில் ஓர் அரிவாளும் கடப்பாரையும்தான். முள்மரமான கிளுவையின் போத்துகளை, அதாவது கிளைத் துண்டுகளை வெட்டி, மழைக்கு முன்னால் நெருக்கமாக நட்டுவிட்டுப் போவார். அது வேர்பிடித்துத் துளிர்த்து முள்ளோடு பின்னிக்கொள்ளும். கொறங்காடு என்கிற நம் மேய்ச்சல் காடு முழுவதும் அப்படித்தான் வளைக்கப்பட்டது. உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. காங்கயம் காளையின் திமிலை உலகம் பாராட்டுகிறது. அந்தக் காளையை வளர்த்த மேய்ச்சல் காட்டைக் காத்து நின்றது இந்த வேலி.

தாத்தா காலத்தில் கல்காலும் முள்கம்பியும் வந்தன. 1874-இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் கிளிடன் என்ற விவசாயி காப்புரிமை வாங்கிய கம்பி அது. எட்டடிக் கல்லில் இரண்டடி மண்ணுக்குள் இறங்கும். மூலைக்காலுக்கு இருபுறமும் முட்டுக்கால் கொடுத்தால்தான் கம்பியை இழுக்கும்போது சாயாது.

அந்தத் தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை கிடையாது. ‘நடுவில் வேலி போடுங்கள், ஓணான்கூட நுழையக் கூடாது’ என்றார் அண்ணன். ‘ஐந்து வரிசை போதாது, ஏழு வரிசைக் கம்பி இழுங்கள்’ என்றார் தம்பி. தாத்தா கல்லெல்லாம் நட்டாகிவிட்டது. கம்பி இழுக்கிற அன்று காலையில் அவர்களுடைய தாயார் நான்கு வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, இரண்டு கல்லுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். ‘எழுந்திரு ஆத்தா, கம்பி கிழித்துவிடும்’ என்றார் தாத்தா. கிழவி அசையவில்லை. ‘காலைச் சோறு பெரியவன் வீட்டில், ராத்திரிச் சோறு சின்னவன் வீட்டில் என்று பாகம் எழுதியிருக்கிறார்கள். நடுவில் நான் எப்படிப் போவேன் சாமி? நீயே சொல்’ என்று கேட்டார். தாத்தா மகன்களைப் பார்த்தார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த இடத்தில் கம்பியை அறுத்து, இரண்டு கல்லை நெருக்கி நட்டு, ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குக் கடவு விட்டார். அந்த வேலைக்குக் கூலி வாங்கவில்லை. கிழவி போய்ச் சேர்ந்துவிட்டார். பேரப் பிள்ளைகள் இன்றும் அந்தக் கடவு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். கைதட்டுங்கள், அந்தப் பெரியவருக்குக் கைதட்டுங்கள்!

தந்தையார் வலைக்கம்பி பின்னும் இயந்திரம் வாங்கினார். இப்போது மகள் பொறுப்பேற்றிருக்கிறார். அம்மிணி, உன்னிடம்தான் பேச வந்தேன்.

காவலுக்கென்று நட்ட சீமைக்கருவேலம் என்ன செய்தது? ஏரி, குளம், புறம்போக்கு எல்லாவற்றையும் விழுங்கியது. அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று பெண் யானைகள் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. வேலியே பயிரை மேய்ந்தால் காப்பது யார்? அதே ஆண்டு மின்வேலிக்கு அரசு விதிமுறை வகுத்தது. விதி வேண்டியதுதான், ஆனால் அதைவிட எனக்குக் கிளுவை முக்கியம்.

கிளுவை வேலி போடுங்கள் என்றுதான் ஊர் ஊராக நான் கேட்டுவருகிறேன். கம்பி துருப்பிடிக்கும், மாற்ற வேண்டும். கிளுவைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வறட்சியில் இலையுதிர்த்து நின்று மழைக்குத் துளிர்க்கும். தழையை ஆடு தின்னும், அடியில் கௌதாரி முட்டையிடும், காற்று மண்ணை அள்ளிப் போகாது. முற்றிய கிளுவை வேலியைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அம்மிணி, கம்பி வியாபாரத்தை விடு என்று நான் சொல்லவில்லை. கம்பி கேட்டு வருகிறவரிடம் கம்பியை ஒட்டியே உள்பக்கம் ஒரு வரிசை கிளுவையும் நட்டுத் தருகிறேன் என்று சொல். போத்து எடுத்து நடத் தெரிந்த முதியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். பட்டறைக்குப் பின்னால் காலி இடத்தில் நாற்றங்கால் போடு. ஒன்றியப் பெருந்தலைவர் அவர்கள் ஊராட்சி மேய்ச்சல் நிலங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கிளுவை வேலியையே போட உத்தரவிட வேண்டும். கால்நடை மருத்துவர் அவர்கள் அதற்குப் பரிந்துரை எழுதித் தர வேண்டும். மனுவைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். விழா முடிந்ததும் நுழைவாயில் மேசையில் வைக்கிறேன், எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.