கிளிக்கு எங்கே நிறுத்தணும்னு தெரியுமா?

நடுவர் அவர்களுக்கு வணக்கம், எதிரணிக்குக் கொஞ்சம் பெரிய வணக்கம், சபைக்கு ரெண்டு கையும் தூக்கி வணக்கம். குடுத்ததே 7 நிமிஷம், வணக்கத்துலயே தீர்த்துடக் கூடாது.

தலைப்பு என்ன? மொராக்கோவுக்குத் தொண்டு செய்யப் போற வேற்று மதத்துக்காரர், அந்த ஊர்க்காரங்க பேச்சுக்குப் பேச்சு அல்லாஹ் பேரைச் சொல்ற மாதிரி தானும் சொல்றது மரியாதையா, வேஷமா? மரியாதைன்னு சொல்ல வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன், "நம்பிக்கை இல்லாதவன் வாயில 'இன்ஷா அல்லாஹ்' வந்தா அது மனுஷப் பேச்சு இல்ல, கிளிப்பேச்சு"ன்னார். ('இன்ஷா அல்லாஹ்'னா இறைவன் நாடினால்னு அர்த்தம்.) நீங்களும் கை தட்டுனீங்க. பரவாயில்ல, கிளியை அப்புறம் கவனிச்சுக்கிறேன். முதல்ல கழிப்பறைக்குப் போவோம்.

சிரிக்காதீங்க, விஷயம் அங்கதான் இருக்கு. தொண்டுக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பையன்னு வெச்சுக்குங்க. கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டணும். ஊர்ப் பெரியவங்க 15 பேர் உட்கார்ந்திருக்காங்க. புதினா டீ வந்தாச்சு. மொராக்கோ அரபிக்கு தாரிஜான்னு பேரு. பையன் அதை 3 மாசம் படிச்சவன். எழுந்திரிச்சான். "கழிப்பறை ரெண்டு வேணும்." ஒரு பெரியவர் டீ கிளாஸைக் கீழ வெச்சார். "கழிப்பறைக் குழி 2 மீட்டர் ஆழம்." இன்னொருத்தர் வெச்சார். "கழிப்பறை நிறைஞ்சா..." அவ்வளவுதான், 15 கிளாஸும் தரையில!

இலக்கணம் சரி, அளவு சரி. அப்புறம் என்ன தப்பு? ஒரே ஒரு சொல் இல்ல: 'ஹஷாக்'. கழிப்பறை, குப்பை, செருப்பு, கழுதை, இதெல்லாம் வாயில வந்தா கூடவே இதையும் சொல்லணும். 'இந்த அசிங்கம் உங்களை அண்டாம இருக்கட்டும்'ங்கிற பொருள். எதிர்ல ஒருத்தர்னா ஹஷாக், பல பேர்னா ஹஷாக்கும். கேட்டவர் "அல்லாஹ் யிஅஸ்ஸக்"ன்னு பதில் சொல்வார். அல்லாஹ் உன்னைக் கௌரவமா வெக்கட்டும்னு அர்த்தம்.

மறுவாரம். அதே பையன், அதே 15 பேர், அதே டீ. "கழிப்பறை, ஹஷாக்கும், ரெண்டு வேணும்." 15 வாயும் சேர்ந்து, "அல்லாஹ் யிஅஸ்ஸக்!" பையனுக்குக் குஷி. "குழி, ஹஷாக்கும், 2 மீட்டர்." "அல்லாஹ் யிஅஸ்ஸக்!" கூட்டம் களைகட்டிடுச்சு. "சிமெண்ட், ஹஷாக்கும், 20 மூட்டை." சிமெண்ட் என்னய்யா பாவம் பண்ணுச்சு? அதோட விட்டானா? "சாவி யார்கிட்ட இருக்கும்னா, தலைமை ஆசிரியர், ஹஷாக்கும்..." அவர் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார்! ஒரு நிமிஷம் ஊசி விழுந்தா கேட்கும். அப்புறம் முதல்ல சிரிச்சவரே தலைமை ஆசிரியர்தான். தன் கையால பையன் கிளாஸ்ல டீ ஊத்துனார். சாவியையும் அவரே வாங்கிக்கிட்டார். ஹஷாக்கும்!

அண்ணே, இப்பக் கிளி.

கிளிக்கு ஒரு சொல் குடுத்தா எல்லா இடத்துலயும் அதையே சொல்லும். இங்க அது செல்லாது. 'இன்ஷா அல்லாஹ்' இனிமே நடக்கப் போறதுக்கு மட்டும்தான். "நேத்து வந்து சேர்ந்தேன், இன்ஷா அல்லாஹ்"னு சொன்னா ஊரே சிரிக்கும். நடந்து முடிஞ்சதுக்கு 'அல்ஹம்துலில்லாஹ்', புகழெல்லாம் அல்லாஹ்வுக்கேன்னு. நாளைக்குச் செய்வேன்னு மொட்டையாச் சொல்லாதே, இறைவன் நாடினால்னு சேர்த்துக்கோங்கிறது குர்ஆன் 18-ஆம் அத்தியாயம், 23, 24-ஆம் வசனங்கள். அதனால "நாளைக்கு 10 மணிக்கு வகுப்பு"ன்னு வெறுமனே சொன்னா, அங்க அது திமிராக்கூடக் காதுல விழும்.

அந்த ஊர்க்காரர் உங்ககிட்ட 'இன்ஷா அல்லாஹ்' சொன்னா அதையும் எடை போடணும். "வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகை முடிஞ்சு வர்றேன், இன்ஷா அல்லாஹ்"னா (அஸர்னா சாயங்காலத் தொழுகை) வருவார், டீ போட்டு வைங்க. நாள் இல்ல, நேரம் இல்ல, வெறும் "இன்ஷா அல்லாஆஆஹ்"னு இழுத்தா, முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்ல மனசில்லாம சொல்றார்.

சாப்பாட்டுக்கு வாங்க. பொதுத் தட்டு. வீட்டுக்காரர் 'பிஸ்மில்லாஹ்', அல்லாஹ்வின் பேரால்னு சொன்ன பிறகுதான் கை வைக்கணும், அதுவும் வலது கை, அவங்கவங்க பக்கத்துல இருக்கிறதைத்தான் எடுக்கணும். வயிறு நிறைஞ்சதுன்னு மட்டும் சொன்னா விட மாட்டாங்க, "குல், குல்", சாப்பிடு சாப்பிடுன்னு தள்ளுவாங்க. 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்லிக் கையை எடுத்தாத்தான் ஓரளவு தப்பிக்கலாம். ஓரளவுதான். குழந்தையைக் கொஞ்சுறீங்களா? அல்லாஹ்வோட அருளைச் சொல்லிப் புகழற 'தபார்க்கல்லாஹ்' சொல்லாம "எவ்வளவு கொழுகொழுன்னு இருக்கு"ன்னா பாட்டி குழந்தையைத் தூக்கிட்டு உள்ள போயிடுவாங்க. கண்ணு பட்டுடும்ல!

எல்லாத்தையும் சொல்லலாமான்னா, இல்ல. கலிமா சொல்லக் கூடாது. அது இஸ்லாத்துக்குள்ள நுழையற உறுதிமொழி. பிரியத்துல யாராவது "சொல்லு, சொல்லு"ன்னா, சிரிச்ச முகத்தோட "குல் வாஹித் வ தீனு", அவரவர்க்கு அவரவர் மார்க்கம்னு சொல்லி விலகிடணும். கிளின்னா அதையும் சொல்லிடும் அண்ணே! எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவனைப் போய்க் கிளிங்கறீங்களே.

இன்னொண்ணு. அண்ணன் பகுத்தறிவுவாதி, மூணு மேடையில அவரே சொல்லியிருக்கார். சித்த முன்னாடி மைக் ஒயர் தடுக்கினப்ப "அய்யோ கடவுளே"ன்னார். அது வேஷமா? வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்"னா சொல்றோம்? "போயிட்டு வர்றேன்"ங்கறோம். திரும்பி வருவோம்னு கையெழுத்தா போட்டுக் குடுத்திருக்கோம்?

மணி அடிக்கப் போறாங்க. அந்தப் பையன்கிட்டயே திரும்பிப் போறேன்.

ஒரு நாள் ராத்திரி ஊர்லயிருந்து போன். அவன் அப்பா போயிட்டார். அடக்கத்துக்குள்ள போய்ச் சேர முடியாத தூரம். காலையில கதவைத் திறக்கறான், வாசல்ல அந்தப் பெரியவங்க. முதல்ல டீ கிளாஸைக் கீழ வெச்சாரே, அவர்தான் முன்னாடி நிக்கறார். "அல்பரக்கா ஃப் ராசக்"ங்கறார். இருக்கிற உனக்கு பரக்கத், அதாவது இறையருள், கிடைக்கட்டும்னு துக்க வீட்ல சொல்ற வார்த்தை. அதுக்கு ஒரு பதில் உண்டு: "மா ம்ஷா மஆக் பாஸ்", உங்களுக்கு ஒரு குறையும் வராம இருக்கட்டும்னு. பையன் தொண்டை அடைக்க அடைக்க அந்தப் பதிலைச் சொன்னான். உச்சரிப்பு தப்பு. யாரும் திருத்தல. பெரியவர் அவன் தலையைப் பிடிச்சுத் தன் தோள்ல சாய்ச்சுக்கிட்டார்.

நடுவர் அவர்களே, அந்த வாசல்ல கிளி எங்க இருந்துச்சுன்னு அண்ணன் காட்டட்டும். நான் உட்கார்றேன்.