கொடுவா மீனின் மூன்றாம் நாள்

[காட்சி: முகத்துவாரம். களனி கங்கை கடலில் கலக்கும் இடம். மாலை.]

வணக்கம். பேலியகொடை மீன் சந்தையில் ஆறு ஏழு கிலோ எடையுள்ள கொடுவா ஒன்றைக் கண்டால், அது பெரும்பாலும் பெண் மீனாகத்தான் இருக்கும். கொடுவா முதலில் ஆணாகவே பருவமடைகிறது. சில வருடங்கள் போய், உடம்பு பெருத்த பிறகுதான் பெண்ணாக மாறுகிறது. அப்படி மாறிய ஒரு தாய், இலட்சக்கணக்கில் முட்டையிடும். அவற்றில் மீனாகித் தப்புவது மிகச் சொற்பம். ஏன் என்று இன்றைக்குப் பார்ப்போம்.

கொடுவா வளர்வது ஆற்றிலும் களப்பிலும். முட்டையிட மட்டும் உப்புக் கூடிய ஆற்றுவாய்க்கும் கடலோரத்துக்கும் இறங்கி வரும். முட்டை மிதக்க உப்பு வேண்டும். கங்கைத் தண்ணீர் கலந்து உப்புக் குறைந்தால், முட்டை அடியில் போய்விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், பொழுது சாயும்போது, கடல் பெருகி வரும் நேரம் பார்த்து முட்டையிடுகிறது.

[காட்சி: நுணுக்குக்காட்டியில் ஒரு முட்டை. கண்ணாடி போன்ற கோளம், உள்ளே ஒரேயொரு எண்ணெய்த் துளி.]

இதன் குறுக்களவு ஏறக்குறைய 0.8 மில்லிமீற்றர். உள்ளே தெரியும் எண்ணெய்த் துளியை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது வேண்டும்.

இரவு ஏழு மணிக்குக் கருக்கட்டியது என்று வைப்போம். தண்ணீர் 28 முதல் 30 பாகை செல்சியஸ். ஏழு முப்பத்தைந்துக்கெல்லாம் முதல் கலம் இரண்டாகிவிடும். அப்புறம் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிரிவு. ஆனால் முட்டை முழுவதும் பிரிவதில்லை. மேலே வட்டாக உள்ள சிறு பகுதி மட்டுந்தான் பிரிகிறது, மஞ்சள் கரு அப்படியே கிடக்கும். பின்னிரவு இரண்டு மணியளவில் அந்தக் கலங்கள் படலமாக விரிந்து மஞ்சள் கருவை மூடத் தொடங்கும். விடியுமுன் முதுகுப்பக்கம் ஒரு கோடு தடிக்கும். மூளையும் முண்ணாணும் அதிலிருந்துதான்.

காலை பத்து மணிக்கு இதயம் துடிக்கிறது.

[காட்சி: சுருண்டு கிடக்கும் முளையம். வால் வெட்டி வெட்டி அசைகிறது.]

பிற்பகல் ஒரு மணி வாக்கில், முளையம் சுரக்கும் நொதியத்தால் முட்டைத் தோல் இளகும். வாலால் உதைத்துக்கொண்டு குடம்பி வெளியே வரும். பதினெட்டு மணி நேரம், அவ்வளவுதான்! நீளம் ஒன்றரை மில்லிமீற்றர். கண்ணில் நிறம் இல்லை, வாய் திறக்கவில்லை. மஞ்சள்கருப் பையின் முன்பக்கம் இருக்கும் எண்ணெய்த் துளி அதைத் தூக்கிப் பிடிப்பதால், கிடையாக நீந்த முடியாமல் சரிந்தும் செங்குத்தாகவும் தொங்கும்.

தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அந்த மஞ்சள் கரு. இரண்டு மூன்று நாளில் அது தீர்ந்துவிடும். அதற்குள் கண் கறுக்க வேண்டும், வாய் திறக்க வேண்டும், குடல் வேலை செய்ய வேண்டும். வாய் திறந்ததும், அதற்குள் நுழையும் அளவில் இரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். குடம்பியால் தேடிப் போக முடியாது. எண்ணெய்த் துளி இன்னும் ஓரிரு நாள் தாங்கும். அதற்கு மேல் பட்டினி கிடந்தால், பின்னர் இரையைக் கொட்டினாலும் உண்ணும் வலு வராது. மீன்வளம் ஒரு வருடம் பெருகி மறு வருடம் வீழ்வதற்கு இந்தக் கட்டமே காரணமாகலாம் என்று நோர்வேயின் யோஹான் யோர்ட் 1914இலேயே எழுதினார். குஞ்சு பொரிப்பகங்களில் இதனால்தான் மூன்றாம் நாளுக்குள் ரொட்டிபர் என்ற நுண்ணுயிரைத் தொட்டியில் விட்டு வைக்கிறார்கள்.

இதே நாட்களில் இன்னொரு வேலையும் உண்டு. குடம்பி மேற்பரப்புக்கு வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கித்தான் தன் காற்றுப்பையை முதன்முதலாக நிரப்புகிறது. தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் அது முடியாது. காற்றுப்பை நிரம்பாத மீன் முதுகெலும்பு வளைந்து வளரும், பெரும்பாலும் தப்பாது.

[காட்சி: கொழும்புக்கு வெளியே கடல். தூரத்தில் கப்பல்கள்.]

2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் இந்தக் கடலில் எரிந்தபோது, கரையொதுங்கிய ஆமைகளைப் பற்றி நிறையப் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் எத்தனையோ இன மீன்களின் முட்டையும் குடம்பியும் இருப்பது அந்த மேல்மட்டத் தண்ணீரில். செத்தாலும் அவை கரையொதுங்கிக் கண்ணில் படுவதில்லை. அதுவே எனக்குப் பெரிய கவலை.

தப்பிய குடம்பிகளுக்கு அப்புறம் வேகந்தான். கொஞ்சம் பெருத்ததும் கூடப் பிறந்ததையே விழுங்கும். அதனால் பண்ணைகளில் அடிக்கடி அளவு பார்த்துப் பிரித்துவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் செதிலும் வெள்ளி நிறமும் வந்து, பார்த்தவுடனே கொடுவா என்று சொல்லிவிடலாம். கடலில் பிறந்தவை இந்தப் பருவத்தில் கண்டல் நிழலுள்ள உவர் சதுப்புகளைத் தேடி உள்ளே வரும். கொழும்புக்கு வடக்கே நீர்கொழும்புக் களப்பும் முத்துராஜவெலவும் அந்த வகை இடங்கள். அடுத்த வீடியோவில் அங்கே போவோம்.