புது ராக் ஆல்பம் ஏன் காதைக் களைப்பாக்குது? கச்சேரில எங்க நிக்கணும்?

கேள்வியைப் படிச்சிடறேன். "புது ராக் ஆல்பம் எதைப் போட்டாலும் நாலாவது பாட்டுக்குள்ள காது சலிச்சுப் போகுது. அதே பாட்டுங்களை கச்சேரில எத்தனையோ மடங்கு சத்தமா வாசிக்கறாங்க, ரெண்டு மணி நேரம் கேட்க முடியுது. ஏன்? கச்சேரில எங்க நின்னா சவுண்ட் நல்லா இருக்கும்? காதுல அடைப்பான் போட்டா பாட்டு கெட்டுப் போகாதா?"

மூணு கேள்வி மாதிரி தெரியுது. வேர் ஒண்ணுதான்.

தவில்ல ஒரு அடி விழுறதை நினைச்சுப் பாருங்க. கோல் தோல்ல படுற அந்தக் கணத்துல ஒரு வெட்டு வெட்டும், அப்புறம்தான் நாதம் வரும். அந்த வெட்டு ரொம்பச் சின்ன நேரம், ஆனா உயரத்துல மத்த எல்லாத்தையும் தாண்டி நிக்கும். ராக்ல அந்த வேலையைச் செய்யறது ஸ்னேரும் கிக் ட்ரம்மும். டிஜிட்டல்ல ஒரு கூரை இருக்கு, அதுக்கு மேல போக இடமே இல்லை. ஏற்கெனவே கூரையைத் தொட்டுட்ட பாட்டை இன்னும் சத்தமாக்கணும்னா ஒரே வழிதான்: லிமிட்டர் போட்டு அந்த உச்சியை எல்லாம் சீவி எடுத்துட்டு, மீதியை மொத்தமா தூக்கணும். சத்தம் ஏறும், வெட்டு போயிடும். ஸ்னேர் அடிச்சா அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி இருக்கும். உங்க காது சலிக்கறது சத்தத்தால இல்லை, மேலயும் கீழயும் எதுவுமே நகராததால.

இதுக்கு எல்லாரும் காட்டுற உதாரணம் மெட்டாலிகா பேண்டோட 2008 ஆல்பம், டெத் மேக்னெட்டிக். உச்சிக்கும் சராசரிக்கும் எவ்வளவு இடைவெளின்னு அளக்கற டைனமிக் ரேஞ்ச் மீட்டர்ல அது காட்டுன எண் 3. மிதமா அழுத்தின ராக் ஆல்பம் 9, 10ன்னு காட்டும். அதே பாட்டுங்க கிட்டார் ஹீரோங்கற வீடியோ விளையாட்டுக்கும் போச்சு. அங்க போனது இப்படிச் சீவாத வடிவம். ரசிகர்கள் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தப்பதான் குட்டு உடைஞ்சுது. மாஸ்டரிங், அதாவது வெளியிடறதுக்கு முன்னாடி கடைசியா சத்தத்தைச் சரிபண்ற வேலை, அதைப் பண்ண டெட் ஜென்சனைத் திட்டினாங்க. அவரோ, எல்லாக் கருவியையும் கலந்து அனுப்பற மிக்ஸ் என்கிட்ட வரும்போதே அப்படித்தான் நசுங்கி வந்துச்சுன்னு சொல்லிட்டார். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, எல்லாத்துக்கும் மாஸ்டரிங் ஆளைக் குத்தம் சொல்ல முடியாது.

15 வருஷம் கழிச்சு 2023 ஏப்ரல்ல வந்தது அதே மெட்டாலிகாவோட 72 சீசன்ஸ். தயாரிப்பு கிரெக் ஃபிடல்மேன், அந்தப் பழைய ஆல்பத்தோட மிக்ஸ்லயும் அவர் கை உண்டு. டெத் மேக்னெட்டிக்ல நசுக்கினதால வந்த கரகரப்பு இதுல இல்லை, கிட்டார் தொனி அருமை. ஆனா 12 பாட்டு, 77 நிமிஷம், முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே மட்டத்துல. என் கணக்குல 50 நிமிஷமா வெட்டியிருந்தா அவங்களோட நல்ல ஆல்பங்கள்ல ஒண்ணா நின்னிருக்கும். ரோலிங் ஸ்டோன்ஸோட ஹாக்னி டைமண்ட்ஸ், பேர்ல் ஜாமோட டார்க் மேட்டர், ரெண்டுக்குமே தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட். வாசிப்புல ரெண்டுலயும் உயிர் இருக்கு, ஆனா எல்லாக் கருவியும் ஒரே நேரத்துல முகத்துக்கு நேரா வந்து நிக்குது. டார்க் மேட்டர்ல மேட் கேமரன் வாசிச்சிருக்கற ட்ரம்ஸை இப்படி அமுக்கினது எனக்குச் சமாதானம் ஆகலை.

இதுக்கு எதிர்ப்பக்கம் ஒண்ணு சொல்லணும். 2024 நவம்பர் 1ல வந்த தி க்யூரோட சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட். 16 வருஷத்துக்கு அப்புறம் வந்த ஆல்பம், 8 பாட்டு, 50 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. இதுவும் ஒண்ணும் மென்மையா மாஸ்டர் பண்ணது இல்லை, அடர்த்திதான். ஆனாலும் களைப்பு வர்றதில்லை. ஏன்னா இறக்கம் பாட்டோட கட்டமைப்புலயே இருக்கு. முதல் பாட்டுல பாடகர் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்கறதுக்கே மூணு நிமிஷத்துக்கு மேல ஆகுது! ஆல்பம் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 2022 அக்டோபர்ல ரீகா நகரத்துல ஆரம்பிச்ச சுற்றுப்பயணத்துல அதே பாட்டை வெச்சுத்தான் கச்சேரியைத் தொடங்கினாங்க. கூட்டத்தைக் காக்க வைக்கத் தெரிஞ்ச பாட்டு அது.

சரி, வீட்ல என்ன பண்ணலாம்?

ஸ்ட்ரீமிங் ஆப்ல நார்மலைசேஷன்னு ஒரு அமைப்பு இருக்கும், எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவர்றது, அதை அணைக்காதீங்க. ஸ்பாட்டிஃபைல 'நார்மல்' வெச்சா சராசரி மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ்.க்கு வரும் (காதுக்கு எவ்வளவு சத்தமா கேட்குதுன்னு அளக்கற அலகு, கூரைதான் பூஜ்யம்). மைனஸ் 6ல அமுக்கி அனுப்பின பாட்டை அது 8 டெசிபல் இறக்கிடும். அப்பத்தான் உண்மை தெரியும். மிதமா மாஸ்டர் பண்ண பாட்டு அதே சராசரில ஸ்னேரை எகிற விடும், அமுக்கின பாட்டு தட்டையாவே உட்கார்ந்திருக்கும். 'லவுட்' வேண்டாம், அது தன் பங்குக்கு ஒரு லிமிட்டரைப் போடும். ஆல்பத்தை வரிசையாவே கேளுங்க. வரிசையா போட்டா ஆல்பத்துக்கு மொத்தமா ஒரே அளவு இறக்கும், மென்மையான பாட்டு மென்மையாவே இருக்கும். ஷஃபிள்ல ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியா சமப்படுத்திடும், கட்டமைப்பே போயிடும்.

டால்பி அட்மாஸ், அதாவது சத்தம் சுத்திலேர்ந்தும் வர்ற மாதிரி மிக்ஸ் பண்ண வடிவம், இருந்தா அதையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அதை ஒப்படைக்கறதுக்கு மைனஸ் 18 எல்.யூ.எஃப்.எஸ்.ங்கற வரம்பு இருக்கு, அதனால அமுக்க இடம் கம்மி. சாதா ஹெட்ஃபோன்லயே ட்ரம்ஸ் மூச்சு விடறது தெரியும். சில ஆல்பத்துல கிட்டார் மெலிஞ்சு, குரல் தனியா மிதக்கும். அது மிக்ஸ் பண்ணவங்க கையைப் பொறுத்தது.

காசு கொடுத்து வாங்கின ஃபைலோ சிடியோ இருந்தா ஆடாசிட்டிங்கற ஒலி எடிட்டிங் மென்பொருள்ல திறந்து, 'வியூ' மெனுல கிளிப்பிங்கைக் காட்டச் சொல்லுங்க, அலை கூரையை முட்டின இடத்துல சிவப்புக் கோடு வரும். சிவப்பு வரலைன்னா ஆல்பம் சுத்தம்னு நினைச்சிடாதீங்க. கூரைக்கு 0.3 டெசிபல் கீழ லிமிட்டர் வெச்சிருந்தா சிவப்பு வராது, நசுங்கினது நசுங்கினதுதான். பெரிசாக்கிப் பாருங்க, அலையோட தலை மழுங்கி ஒரே கோட்டுல நிக்கும். இன்னொரு பொறி, வினைல் இசைத்தட்டு. வினைல்லேர்ந்து பதிவு பண்ண ஃபைலை மீட்டர்ல போட்டா எண் நல்லா வரும், உடனே வினைல்ல வேற மாஸ்டர்னு சொல்லுவாங்க. பெரும்பாலும் அதே மாஸ்டர்தான். வெட்டும்போதும் ஊசி ஓடும்போதும் அலையோட வடிவம் கொஞ்சம் குலையும், மழுங்கின தலை சாய்ஞ்சு புது உச்சி மாதிரி தெரியும். மீட்டர் ஏமாந்துடும், காது ஏமாறாது.

இப்பக் கச்சேரிக்கு வருவோம். மேடைல ட்ரம்ஸ் மைக்லேர்ந்து பெரிய ஸ்பீக்கருக்குப் போற வழில இந்த அளவுக்குச் சீவற வேலை நடக்கறதில்லை. ஸ்பீக்கருக்குத் தாங்கற சக்தி மிச்சம் இருக்கும், அதனால அந்த வெட்டு அப்படியே வரும். அதோட 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கறதை உடம்பே வாங்கிக்கும், நெஞ்சுல இடிக்கும். ஹெட்ஃபோனால அதைத் தர முடியாது. இது எல்லாம் சரியான இடத்துல நின்னாத்தான்.

மேடைக்கு முன்னாடி இருக்கற தடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது பார்க்கறதுக்கு, கேட்கறதுக்கு இல்லை. லைன் அரேன்னு சொல்ற, மேல வரிசையா தொங்குற ஸ்பீக்கரோட சத்தம் உங்க தலைக்கு மேல தாண்டிப் போகுது. மேடை விளிம்புல ஃப்ரண்ட் ஃபில்னு சின்ன ஸ்பீக்கருங்க வெச்சிருப்பாங்க, உங்களுக்குக் குரல் அதுலேர்ந்துதான் வரணும். முன்னாடி காலத்துல மேடைல இருக்கற கிட்டார் ஆம்ப் சத்தமாவது நேரா கிடைக்கும், இப்ப அதுவும் கம்மி. மெட்டாலிகா 2013 டிசம்பர்ல அண்டார்டிகால வாசிச்சப்ப ஆம்ப்பே இல்லாம டிஜிட்டல் கருவி வழியா வாசிச்சாங்க, வந்தவங்க எல்லாரும் ஹெட்ஃபோன்லதான் கேட்டாங்க. அந்த மாதிரிக் கருவிங்க இப்ப சாதாரணமாயிடுச்சு. கீழ இருக்கற சப், அதாவது அடிச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர், அது மட்டும் உங்க முகத்துக்கு நேரா இடிக்கும். அதனாலதான் முன்வரிசைல குரல் காணாம போயி வெறும் 'டம் டம்' மட்டும் கேட்குது.

மிக்ஸிங் டெஸ்க் எங்க இருக்குன்னு பாருங்க, அதான் விடை. அந்த ஆள் தன் காதுக்கு எது நல்லா இருக்கோ அதைத்தான் அமைக்கறார். அதுக்குப் பக்கத்துல, இல்லைன்னா பத்தடி பின்னாடி நில்லுங்க.

ஆனா நட்டநடுக் கோட்டுல வேண்டாம். இடதும் வலதுமா சப் அடுக்கியிருந்தா, ரெண்டும் ஒரே நேரத்துல வந்து சேர்ற அந்த நடுக்கோட்டுல பேஸ் வீங்கிப் போயிருக்கும். அங்கேர்ந்து பக்கவாட்டுல நகர நகர ஒரு சப் கிட்ட வரும், இன்னொண்ணு தள்ளிப் போகும். வித்தியாசம் சுமார் 3.5 மீட்டர் ஆனா 50 ஹெர்ட்ஸ்ல ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்கும், ரெண்டும் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். கிக் ட்ரம்ல அடிவயிறே இருக்காது. அதனால பேஸ் இல்லைன்னு புலம்பறதுக்கு முன்னாடி பக்கவாட்டுல நாலு அஞ்சு எட்டு நகர்ந்து பாருங்க. ஒரே விலை டிக்கெட்ல கிடைக்கற இலவச ஈக்வலைசர் அது.

திறந்த மைதானத்துல இன்னும் சிலது இருக்கு. மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸ் மாதிரி இடம்னு வெச்சுக்குங்க. 2025ல கிரீன் டேவும் கன்ஸ் அண்ட் ரோசஸும் அங்கதான் வாசிச்சாங்க, நம்ம ஊர்க்காரங்க ரயில் ஏறிப் போற இடம். மேடைலேர்ந்து 70 மீட்டர் வர சத்தத்துக்கு 0.2 நொடி ஆகும். அதுக்காகத்தான் நடுவுல டிலே டவர் நிறுத்தி, அதோட சத்தத்தை அதே அளவு தாமதமா விடுவாங்க. டவருக்குக் கீழயே நிக்காதீங்க, பத்து பதினைஞ்சு மீட்டர் பின்னாடி போங்க. மதிய வெயில்ல தரை சூடா இருந்தா சத்தம் மேல்பக்கமா வளைஞ்சு போகும், பின்னாடி இருக்கறவங்களுக்குத் தேயும். பொழுது சாய்ஞ்சு தரை குளிர்ந்ததும் கீழ வளையும். மதியம் வாசிக்கற முதல் பேண்ட் சொத்தையாவும் ராத்திரி வர்றவங்க கனமாவும் கேட்கறதுக்கு இது ஒரு காரணம். எல்லாத்தையும் வாசிக்கறவங்க தலைல கட்டிடாதீங்க.

கான்கிரீட் ஸ்டேடியம்னா எதிரொலி. உங்களுக்குப் பின்னாடி 85 மீட்டர்ல சுவர் இருந்தா சத்தம் போய்த் திரும்ப அரை நொடி. நிமிஷத்துக்கு 120 தாளம்னு ஓடற பாட்டுல ஒரு தாளத்துக்கு அரை நொடிதான், எதிரொலி அடுத்த தாளத்து மேலேயே விழுந்து மறைஞ்சுடும். வேகம் கொஞ்சம் மாறினா தாளத்துக்கு நடுவுல விழுந்து கஞ்சியாயிடும். ஒரே ராத்திரில ஒரு பாட்டு தெளிவாவும் அடுத்தது குழம்பியும் கேட்கறது இப்படித்தான்.

மெட்டாலிகாவோட எம் 72 சுற்றுப்பயணத்துக்கு மேல சொன்னதுல பாதி பொருந்தாது. அது 2023 ஏப்ரல்ல ஆம்ஸ்டர்டாம்ல தொடங்கினது. மேடை மைதானத்து நடுவுல வளையமா இருக்கும், வளையத்துக்குள்ள ஒரு கூட்டம், சுத்தி எட்டு கோபுரத்துல திரையும் ஸ்பீக்கரும், நாலு ட்ரம் செட். எங்க நின்னாலும் நாலு பேர்ல ரெண்டு பேர் முதுகுதான் தெரியும். இந்த மாதிரி அமைப்புக்கு கேலரியோட கீழ்த்தட்டுல, எந்தக் கோபுரமும் நேர்க்கோட்டுல மறைக்காத இருக்கைதான் என் தேர்வு. இன்னொண்ணு, பழைய பாட்டெல்லாம் நேர்ல கனமா கேட்குதேன்னு கேட்பீங்க. பாடறவர் குரலுக்காகக் கிட்டாரை ஒரு ஃப்ரெட், அதாவது அரை ஸ்வரம், இறக்கி வாசிக்கறாங்க, ரொம்ப வருஷமா அப்படித்தான்.

கடைசியா அடைப்பான். உலக சுகாதார நிறுவனம் 2022ல சொன்ன வரம்பு, 15 நிமிஷச் சராசரி 100 டெசிபல். வேலை இடத்துப் பாதுகாப்பை ஆராயற அமெரிக்காவோட நியாஷ் அமைப்பு கணக்குல ஒரு நாளைக்கு 85 டெசிபல்ல 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 100ல வெறும் 15 நிமிஷம். ரெண்டு மணி நேரக் கச்சேரின்னா எட்டு நாள் பங்கை ஒரே ராத்திரில சாப்பிடறீங்க.

பாட்டு கெடறது ஃபோம் அடைப்பான்லதான். அது மேல்சத்தத்தை அதிகமா விழுங்கிடும், தலையணைக்கு அடில கேட்கற மாதிரி இருக்கும். இசைக்குன்னே நடுவுல ஃபில்ட்டர் வெச்ச அடைப்பான் இருக்கு, எல்லாத்தையும் கிட்டத்தட்ட சமமா 15, 20 டெசிபல் இறக்கும், சிம்பல் சிம்பலாவே இருக்கும். பஞ்சு வேண்டாம், பெரிசா ஒண்ணும் தடுக்காது. ஃபோம்தான் கிடைச்சுதுன்னா மெல்லிசா உருட்டி, எதிர்க்கையைத் தலைக்குப் பின்னாடி கொண்டுவந்து காதை மேலயும் பின்னாடியும் இழுத்து, உள்ள விட்டு, அரை நிமிஷம் விரலால பிடிச்சிருக்கணும். பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா அட்டைல போட்டிருக்கற எண்ல பாதிகூடக் கிடைக்காது. முதல் பேண்டுக்கு முன்னாடியே போடுங்க, பேசறதுக்காக எடுத்து எடுத்து மாட்டாதீங்க. கூடவே பாடினா உங்க குரல் குடத்துக்குள்ள பாடின மாதிரி கேட்கும். அது அப்படித்தான், பயப்பட ஒண்ணுமில்லை. மறுநாளும் காதுல 'ங்ங்'ங்கற இரைச்சல் ஓயலைன்னாலோ, ஒரு காது திடீர்னு மந்தமாயிட்டாலோ தள்ளிப் போடாம காது டாக்டர்கிட்ட போங்க, திடீர்னு மந்தமானதுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு.

அடுத்த கேள்வி, பேஸ் கிட்டார் ஸ்ட்ரிங் எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்னு வந்திருக்கு.