சான்றிதழ் வாங்கி ஆறு மாதம் கழித்து வாருங்கள்

(பாளையங்கோட்டையில் பேரிடர் மீட்புத் தன்னார்வலர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கிற பெரியவர்களுக்கும், வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்டால் நம்ம ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மதியம் சாப்பாடு போட்டவர்களிடம் குறை சொல்வது மரியாதையா? கடைசி நாள் நீட்டுகிற படிவத்தில் எல்லாரும் ‘மிக நன்று’ என்று டிக் அடிப்பார்கள். அதைக் கூட்டிப்போட்டு அறிக்கை மேலே போய்விடும்.

ஊர் ஆட்களுக்கு மீட்புப் பணி சொல்லிக்கொடுக்கிற ஆப்த மித்ரா என்ற அரசுத் திட்டத்தில் 12 நாள் பயிற்சி. நாடு முழுக்க 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என்பது இலக்காக இருந்தது. நல்ல திட்டம்தான். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிவிடலாம். வந்தவர்களுக்கு இன்றைக்குக் கை ஓடுகிறதா என்று யார் பார்ப்பது?

பயிற்சியை நான்கு படிகளில் அளக்கலாம் என்று 1959இலேயே டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் எழுதினார். பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, நடைமுறையில் செய்கிறார்களா, பலன் உண்டா. நாம் முதல் படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டோம்.

சரி, எப்படிப் பார்க்கலாம்? முடிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்தாலும் இறுகாத கண்ணி முடிச்சு எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வகுப்பில், காய்ந்த கயிற்றில், மேசைமேல் வைத்துப் போட்டிருப்பீர்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆளைக் கூப்பிட்டு, நனைந்த நைலான் கயிற்றைக் கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டு, தன் இடுப்பைச் சுற்றிப் போடச் சொல்லுங்கள். முன்பு வலது கையில் இருந்த முனை இப்போது எந்தப் பக்கம் வரும் என்றே பாதிப்பேருக்குக் குழம்பும். போட்டபின் இன்னொருவர் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். கண்ணி சுருங்கினால் விலா எலும்பு பேசும்!

இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்கிற சி.பி.ஆர். முதலுதவியும் அப்படித்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழம் என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். பொம்மைமேல் இரண்டு நிமிடம் விடாமல் அழுத்தச் சொன்னால்தான் தெரியும். பழகாமல் விட்டால் சில மாதங்களிலேயே அந்தத் திறமை மங்கிவிடும்.

நம்ம தாமிரபரணிக்காரர்களிடம் வேறொரு சிக்கல். எல்லாருக்கும் நீச்சல் தெரியும். ‘எட்டினால் கம்பை நீட்டு, எட்டாவிட்டால் கயிற்றை வீசு, குதிப்பது கடைசி’ என்று தாளில் சரியாக எழுதுவான். ஆற்றில் ஒருத்தர் கத்தினால் முதலில் சட்டையைக் கழற்றுவான். குறுக்குத்துறையில் விளையாடிப் பழகிய ஆறும், வெள்ளத்தில் மரத்தை உருட்டிக்கொண்டு வருகிற ஆறும் ஒன்றா வே? நான் மதிப்பெண் போட்டால், குதித்தவனுக்குப் பூஜ்யம்தான்.

2023 டிசம்பர் 17, 18ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணீருக்குள். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நகர முடியாமல் தவித்தார்கள். பல இடங்களில் கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. நம் ஆட்களைக் கூட்டுகிற ஏற்பாடோ பெரும்பாலும் வாட்ஸ்அப்பை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே ஒத்திகையன்று எல்லார் போனையும் வாங்கி ஒரு சாக்கில் கட்டிவிட்டு, எத்தனை பேர் எவ்வளவு நேரத்தில் கூடுகிறார்கள் என்று பாருங்கள். வழக்கமாக 1077இல் கூப்பிடுகிற மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்ல யார் எந்த வழியாக நடந்து போவது என்பதும் அப்போது வெளிவரும்.

அப்புறம் ஒரு கேள்வி. உங்கள் தெருவில் படுக்கையில் இருக்கிறவர் யார், நிறைமாதக்காரி யார், டயாலிசிஸுக்குப் போகிறவர் யார்? இதற்குத் தெருவில் இருக்கிற ஆச்சிகள் பட்டென்று பதில் சொல்வார்கள். தேர்வு வைக்கிற குழுவில் அவர்களில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதிகாரிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த வருஷம் புதிய ஆட்களைச் சேர்க்கிற பணத்தில் கொஞ்சம் எடுத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் பழைய ஆட்களை ஒரு நாள் கூப்பிடுங்கள். தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.