காரணம் எழுதாத உத்தரவு

நேயர்களுக்கு வணக்கம்.

சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் உங்கள் வீட்டுப் பிள்ளை இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்கும் பழகியதாக இருக்கும். ஒரு சட்ட நிறுவனத்துக்கு இன்டர்வியூ போய்விட்டு வருவார்கள். அன்றைக்கு, 'நல்லாத்தான் போச்சு' என்பார்கள். அப்புறம் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு நாள் மெயில் வரும். மூன்றே வரி. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இந்த முறை வாய்ப்பளிக்க இயலவில்லை, உங்கள் விவரங்களைக் கோப்பில் வைத்திருக்கிறோம். சில நிறுவனங்கள் அதையும் அனுப்புவதில்லை. அரை நாள் உட்கார வைத்துக் கேள்வி கேட்டவர்களுக்கு ஒரு மெயில் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்? என்னைக் கேட்டால் அது மரியாதைக் குறைவு.

நான் வழக்கறிஞர். சென்னையில் ஆள் எடுக்கும் மேஜைக்கு அந்தப் பக்கம் சில ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

அந்த மூன்று வரியில் காரணம் இருக்காது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நிறுவனம் எழுதாமல் விட்ட காரணத்தை, மறுக்கப்பட்டவர் அன்று ராத்திரியே தானாக உட்கார்ந்து எழுதிவிடுகிறார். 'என் இங்கிலீஷ் சரியில்லை.' 'என் காலேஜ் பேரைப் பார்த்ததுமே முடிவு பண்ணிட்டாங்க.' 'எனக்குச் சட்டமே வராது.' மூன்று வரி மெயிலுக்கு முப்பது பக்கத் தீர்ப்பு. அதுவும் எதிர்த்தரப்பை விசாரிக்காமல் எழுதிய தீர்ப்பு.

சட்டம் படித்தவர்கள் இதில் ஏமாறக் கூடாது. அரசியல் சாசனத்தின் 136-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, அதாவது மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் மனு, போடுகிறோம். பல மனுக்கள் காரணமே இல்லாமல் ஒற்றை வரியில் தள்ளுபடியாகின்றன. அப்படியானால் கீழே வந்த தீர்ப்பு சரி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதா? இல்லை. குஞ்ஞம்மது எதிர் கேரள அரசு வழக்கில் 2000-ம் ஆண்டு இதைத் தெளிவாக்கினார்கள். காரணம் சொல்லாமல் மனுவைத் தள்ளினால், மேல்முறையீட்டுக்கு அனுமதி தர நீதிமன்றம் விரும்பவில்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள். வழக்கின் தகுதியைப் பற்றி அது எதையும் முடிவு செய்யவில்லை. அதற்குப் பிறகும் உயர் நீதிமன்றத்தில் மறு சீராய்வு கேட்க வழி இருக்கிறது. பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கிய பிள்ளைகள், தன் மெயில் என்று வரும்போது மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

சரி, மேஜைக்கு அந்தப் பக்கம் என்னதான் நடக்கிறது? பெரிய நிறுவனங்கள் புதியவர்களில் பெரும்பாலோரைத் தங்களிடம் இன்டர்ன்ஷிப் செய்தவர்களிலிருந்தும், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் வளாகத் தேர்விலிருந்தும் எடுத்துவிடுகின்றன. நேரடியாக விண்ணப்பிப்பவர்களுக்கு மிஞ்சுவது ஓரிரு இடம். அந்த இடமும் ஏதோ ஒரு பிரிவில்தான் இருக்கும். வங்கிக் கடன் பிரிவில் ஒருவர் வேலையை விட்டிருப்பார். வந்து உட்கார்ந்தவரோ நடுவர் மன்ற (ஆர்பிட்ரேஷன்) வழக்குகளில் கெட்டிக்காரராக இருப்பார். நல்ல ஆள் என்று எல்லோரும் சொல்வோம், ஆனாலும் எடுக்க மாட்டோம். இன்னொரு நாள், எடுப்பதாக முடிவான பிறகு, இந்தக் காலாண்டில் புதிய ஆள் வேண்டாம் என்று மேலிருந்து சொல்லிவிடுவார்கள். இதெல்லாம் மெயிலில் வராது.

அதற்காக எல்லா மறுப்பும் வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது ஆறுதல்தான், உதவி இல்லை. ஒரு இன்டர்வியூவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒப்பந்தத்தை மீறினால் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது, மீறிவிட்டார்கள், பத்து லட்சம் அப்படியே கிடைக்குமா என்று கேட்டோம். வந்திருந்த பெண் ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவை வரி பிசகாமல் சொன்னார். அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடு, நஷ்டம் நிரூபிக்கப்பட்டாலும் படாவிட்டாலும். பிரமாதம். 'சரிம்மா, நஷ்டமே ஆகவில்லை என்று தெரிந்துவிட்டால்?' என்று அடுத்த கேள்வி போட்டோம். அமைதி. பிரிவின் வாசகம் ஒரு பக்கம் இழுக்கிறது, பொது அறிவு ஒரு பக்கம் இழுக்கிறது. நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடு கேட்க முடியாது என்று 2015-ல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் படித்திருக்கவில்லை. அது பெரிய குறை இல்லை. யோசிப்பதை வாய்விட்டுச் செய்திருக்கலாம். 'நஷ்டத்தை நிரூபிப்பது கஷ்டமான வழக்குக்காக அந்த வாசகம் இருக்கலாம்' என்று ஒரு வரி சொல்லியிருந்தாலே நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம்.

இது மாதிரி இடங்களைக் கண்டுபிடிக்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும். இன்டர்வியூ முடிந்த அன்றே, முடிவு வருவதற்கு முன்னால், கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதில்களையும் அப்படியே எழுதி வையுங்கள். முடிவு வந்த பிறகு எழுதினால் நினைவு கட்சி மாறிவிடும். நன்றாகச் சொன்ன பதில்கூட உளறலாகத் தெரியும். எழுதும்போது, தெரியாமல் விட்ட கேள்வி எது, தெரிந்தும் வாயில் வராத கேள்வி எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவதற்குப் புத்தகம் வேண்டும். இரண்டாவதற்கு நண்பர் ஒருவரை எதிரே உட்கார வைத்துப் பேசிப் பார்க்க வேண்டும்.

இங்கிலீஷ் விஷயத்துக்கு வருகிறேன். மாவட்டச் சட்டக் கல்லூரிகளிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இதுதான் முதல் பயம். உயர் நீதிமன்றத்தில் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, வெளிநாட்டுக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், ஆகவே நிறுவனங்கள் ஆங்கிலம் பார்க்கத்தான் செய்யும். ஆனால் இன்னொரு பக்கத்தை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. தொழிற்சாலைக்கு நிலம் வாங்கும் நிறுவனத்துக்காகச் சொத்தின் உரிமையைச் சரிபார்க்கும் வேலை சென்னையில் நிறைய உண்டு. மேஜையில் வந்து விழுவது தாய்ப் பத்திரத்தின் நகல், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா. பழைய பத்திரமென்றால் கையெழுத்து, மை ஊறிய தாள், 'செக்குபந்தி விவரம்' என்று ஆரம்பித்து எல்லை சொல்லும் நீண்ட வாக்கியங்கள், அளவு காணியிலும் குழியிலும். சரளமான ஆங்கிலத்தோடு வந்தவர் அந்தத் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இதைப் படிக்கத் தெரிந்தால் விண்ணப்பத்தில் எழுதுங்கள். 'தமிழ்: எழுத, படிக்க, பேசத் தெரியும்' என்று கடைசி வரியில் ஒதுக்கிவிடாமல், இன்னின்ன பத்திரங்களைப் படித்து உரிமைத் தொடர்ச்சியைச் சரிபார்க்கத் தெரியும் என்று எழுதுங்கள்.

காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லி மறுத்த காலமும் இருந்தது. 1952-ல் ஸ்டான்ஃபோர்டில் சட்டம் முடித்த சாண்ட்ரா டே ஓ'கானரை, பெண் என்பதால் வழக்கறிஞராக எடுக்க நிறுவனங்கள் மறுத்தன. ஒரு நிறுவனம் செக்ரட்டரி வேலைக்கு வரலாம் என்றது. அவர் கலிபோர்னியாவில் ஒரு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சம்பளமே வாங்காமல் வேலையைத் தொடங்கினார். 1981-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். இன்றைக்கும் 'கல்யாணம் எப்போ?' என்று கேட்கிற மேஜைகள் நம் ஊரில் உண்டு. அங்கே மறுக்கப்பட்டால் திருந்த வேண்டியது கேட்டவர்தான்.

காந்தியின் கதை எனக்கு இன்னும் நெருக்கம். லண்டனில் பாரிஸ்டர் ஆகித் திரும்பியவர். பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், நாக்கு எழவில்லை, வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மாதம் 75 ரூபாய்க்கு ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை இருப்பதாக விளம்பரம் பார்த்து நேர்காணலுக்குப் போனார். பட்டதாரி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். லண்டன் மெட்ரிகுலேஷன் தேறியவன், லத்தீன் படித்தவன் என்று சொல்லியும் பார்த்தார். பலிக்கவில்லை. ராஜ்கோட் திரும்பி, மனுக்கள் எழுதிக் கொடுத்து மாதம் சுமார் 300 ரூபாய் சம்பாதித்தார். கோர்ட்டில் பேச வராதவருக்கு எழுத வந்தது. 1893-ல் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறியது அதற்கப்புறம்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்விக் கடன் தவணை நெஞ்சில் உட்கார்ந்திருக்கும், தெரியும். ஆனாலும் 'பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைச்சிருச்சாமே' என்பதை அந்த வாரம் மட்டுமாவது சொல்லாதீர்கள். பிள்ளைக்குச் சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் சோம்பல் என்று விட்டுவிட வேண்டாம். 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் உதவி எண்ணில் இலவசமாக, தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கிறது.

மறுப்பு மெயிலுக்குப் பதில் எழுதலாமா? எழுதலாம், ஆனால் மறுநாள் எழுதுங்கள். நன்றி சொல்லி, நான் எதில் இன்னும் தேற வேண்டும் என்று ஒரே ஒரு வரி கேளுங்கள். பாதிப் பேர் பதில் தர மாட்டார்கள். தருகிறவர் தரும் இரண்டு வாக்கியம் ரொம்பப் பயன்படும். நிறுவனத்தின் பெயரைப் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் திட்டுவதால் ஆவது ஒன்றுமில்லை. வக்கீல் தொழில் ஒரு சின்ன ஊர் மாதிரி, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

இதற்கிடையில் சென்னையில் வக்கீல் ஆபீஸ்கள் நிறைந்த தம்பு செட்டித் தெருவிலோ உங்கள் ஊர்க் கோர்ட்டிலோ ஒரு சீனியரிடம் சேர நினைக்கலாம். நல்லதுதான். சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், நீதிபதி ஆசை உள்ளவர்களுக்கு இந்தக் காலம் கணக்கில் சேரும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தருவதை பார் கவுன்சில் உறுதிசெய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லா சேம்பரிலும் அது கைக்கு வருகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆகவே சேருவதற்கு முன்பே, மாதம் எவ்வளவு தருவீர்கள் சார் என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். நல்ல சீனியர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அந்த சேம்பரில் சேராமல் தப்பித்தீர்கள்.

வணக்கம்.